ஆறாவது பேட்டரி

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து நாற்பதிலிருந்து திங்கட்கிழமை மதியம் இரண்டு முப்பது வரை இருபது மணி நேரம் ஐம்பது நிமிடம். அதில் முதல் பதின்மூன்றரை மணி நேரம் எனக்கு ஒன்றும் தெரியாது. மீதி ஏழு மணி நேரம் இருபது நிமிடமும் எனக்குத் தெரியும்.

மௌரீன் ஆன்ட்டி எங்கள் வீட்டுச் சொந்தக்காரர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆஸ்டின் டவுனில் கீழ் வீட்டில் அவர் தனியாக இருக்கிறார். மாடியில் அம்மாவும் நானும். டிசம்பர் முதல் வாரம் ஆன்ட்டி ஹால் சோபாவை வராண்டாவுக்குத் தள்ளிவிட்டு, இரண்டு பிளைவுட் பலகைகளைச் சேர்த்துப் போட்டு, அதன் மேல் ஒரு ஊரைக் கட்டுவார். நடுவில் குடில். குடிலைச் சுற்றி முப்பத்தோரு அட்டை வீடுகள், தெர்மாகோலில் ஒரு ஸ்டேஷன், பஞ்சில் பனி. எல்லாவற்றையும் சுற்றித் தண்டவாளம். பொம்மை ரயில்தான், ஆனால் கொஞ்சம் பெரியது. ஒவ்வொரு பெட்டியும் சோப்பு டப்பா அளவு இருக்கும்.

கிறிஸ்துமஸிலிருந்து மூன்று ராஜாக்கள் திருநாள் வரை தினமும் மாலையில் தெருப் பிள்ளைகள் பார்க்க வருவார்கள். எந்தச் சாமி கும்பிடுகிறவர்கள் என்று ஆன்ட்டி பார்ப்பதில்லை. ஹால் விளக்கை அணைப்பார். ரயிலின் கடைசியில் மேல் திறந்த சரக்குப் பெட்டி ஒன்று உண்டு. அதில் கல்கல் நிரப்புவார். மாவைச் சீப்பில் உருட்டிப் பொரித்து, சர்க்கரைப் பாகில் போட்டு எடுத்த இனிப்பு அது. ரயில் ஒவ்வொரு பிள்ளை முன்னாலும் நிற்கும். பிள்ளை ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு டிரைவருக்கு தாங்க்ஸ் சொல்ல வேண்டும். அப்போதுதான் வண்டி நகரும்.

"வண்டி கொண்டுவந்தா சாப்பிடணும். கேள்வி கேக்கக் கூடாது," என்பார் ஆன்ட்டி. "இது கவர்மென்ட் ரயில் இல்ல, என் ரயில்."

போன வருடம் வரை வீடுகளுக்குள் விளக்கெரியப் பலகைக்கு அடியில் வயர் ஓடியது. அது அடிக்கடி அறுந்துபோகும். இந்த வருடம் நான்தான் வேறு வழி சொன்னேன். எல்.ஈ.டி.யின் ஒரு காலைப் பட்டன் பேட்டரியின் ஒரு பக்கமும், மறு காலை மறு பக்கமும் வைத்து டேப் சுற்றினால் போதும். ரெசிஸ்டர் வேண்டாம். பேட்டரிக்குள்ளேயே போதுமான தடை இருக்கிறது. ஆன்ட்டி என் கன்னத்தைக் கிள்ளி, "பி.எஸ்ஸி.ன்னா சும்மாவா!" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. யாரும் என்னைப் பார்க்காத இருட்டு ஹாலில், நான் ஏற்றிய முப்பத்தோரு விளக்குகளைப் பார்த்துப் பிள்ளைகள் "ஹோ" என்று கத்துவதைக் கேட்பது எனக்குப் பிடித்திருந்தது.

பேட்டரி ஒரு ரூபாய் நாணய அளவு. குறுக்களவு இருபது மில்லிமீட்டர். மூன்று வோல்ட்.

ஞாயிறு மாலை ஐந்தரைக்கு ஆறு வீடுகள் மங்கிவிட்டன. பிள்ளைகள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். நான் கூரைகளைத் தூக்கி டேப்பைப் பிரித்துப் பழைய பேட்டரிகளை எடுத்தேன். வைக்கப் பக்கத்தில் தட்டு இல்லை. சரக்குப் பெட்டி காலியாக இருந்தது. அதில் போட்டேன். புது ஆறைப் பொருத்தினேன். அதற்குள் ஆன்ட்டி கல்கல் டப்பாவோடு வந்துவிட்டார்.

"எடும்மா எடு, கூட்டம் சேந்துடுச்சு."

பெட்டிக்குள் கை விட்டு அள்ளி குர்தா பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். எண்ணவில்லை. ஆன்ட்டி கல்கல்லைக் கொட்டி விளக்கை அணைத்தார்.

மூன்று வீடு தள்ளி இருக்கும் சோனியா அக்கா மகாவை இடுப்பில் வைத்துக்கொண்டு முதல் வரிசையில் நின்றார். மகாவுக்கு ஒரு வயது எட்டு மாதம். அக்கா பியூட்டி பார்லரில் வேலை பார்க்கிறார். கணவர் தினேஷ் ஆட்டோ ஓட்டுகிறார். ரயில் மகா முன்னால் நின்றபோது ஆன்ட்டி விசில் ஊதினார். மகா பெட்டிக்குள் கை விட்டாள். எடுத்ததை வாயில் போட்டுக்கொண்டாள். எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன்.

அவளுக்குக் குமட்டியது. இரண்டு முறை இருமினாள். அக்கா வாய்க்குள் விரல் விட்டுப் பார்த்துவிட்டு, "முழுங்கிட்டா ஆன்ட்டி. மெல்லத் தெரியாது, இவங்கப்பா மாதிரி," என்றார். சிரிப்பு எழுந்தது. விளக்கைப் போட்டுத் தண்ணீர் கொடுத்தார்கள். மகா அழுதுவிட்டு அடங்கினாள். சுவர்க் கடிகாரத்தில் ஐந்து நாற்பது. அடுத்து ரயிலை எத்தனை மணிக்கு விடுவது என்று நான் பார்த்த நேரம் அது. அதனால்தான் நினைவிருக்கிறது.

திங்கள் காலை ஏழு பத்துக்குக் குர்தாவைத் துவைக்கப் போடுமுன் பாக்கெட்டைக் காலி செய்தேன். ஐந்து பேட்டரி இருந்தது. புதுப் பேட்டரிகள் ஐந்தைந்தாக அட்டையில் வரும். ஓர் அட்டை முழுக்கக் காலி. இன்னோர் அட்டையில் ஓர் இடம் காலி. ஆறு போட்டிருக்கிறேன். ஐந்து எடுத்திருக்கிறேன்.

அம்மா அந்த வாரம் திருப்பத்தூரில் சித்தி வீட்டில் இருந்தார். வீட்டில் நான் மட்டும்தான். பாத்ரூம் தரையில் உட்கார்ந்து ஐந்தையும் மறுபடி எண்ணினேன். பிறகு கீழே ஓடினேன்.

சரக்குப் பெட்டியைக் கவிழ்த்தேன். சர்க்கரைத் தூள்தான் விழுந்தது. பஞ்சைத் தூக்கிப் பார்த்தேன். பலகைக்கு அடியில் டார்ச் அடித்தேன். ஆன்ட்டி காபி தம்ளரோடு வந்து நின்றார்.

"என்ன மேன், காலங்காத்தால தண்டவாளத்துல படுத்துக்கிட்டு?"

"ஒரு பேட்டரி விழுந்துடுச்சு ஆன்ட்டி."

"போனா போகுது. வேற வாங்கிக்கலாம்."

அந்த நேரத்தில் வாசல் கேட் திறந்தது. சோனியா அக்கா மகாவைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். இரவு முழுக்கத் தூங்காத முகம். மகாவின் வாயிலிருந்து எச்சில் நூலாக வழிந்து அக்காவின் நைட்டியில் ஈரமாகப் பரவியிருந்தது. குழந்தை அழவில்லை. அழ முயல்வது போல முகத்தைச் சுளித்தாள். குரல் கம்மலாகத்தான் வந்தது.

"ஆன்ட்டி, அந்தக் கல்கல்ல என்ன போட்டீங்க?"

"என்னடி இது கேள்வி? மைதா, தேங்காப்பால், சர்க்கரை."

"எண்ணெய்?"

"புது எண்ணெய், சோனியா."

"நைட்டெல்லாம் வாந்தி. பால் உள்ள போகவே இல்ல. ஒரு வாய் குடுத்தா மூக்கு வழியா வருது. ஒடம்பு சுடுது."

ஆன்ட்டி தம்ளரை ஸ்டேஷன் கூரை மேல் வைத்துவிட்டு மகாவின் நெற்றியைத் தொட்டார். "ஐயோ ஜீசஸ். கிளினிக்குக் கூட்டிட்டுப் போ. நான் காட்டுறேன் வா, எட்டு மணிக்கே தொறப்பான்."

நான் மண்டியிட்டபடி இருந்தேன். கையில் டார்ச் எரிந்துகொண்டிருந்தது. இப்போது சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. சொல்ல வேண்டிய வாக்கியமும் தயாராக இருந்தது. நாலைந்து சொற்கள்தான். சிறு வயதிலிருந்தே எனக்கு இப்படித்தான். வகுப்பில் பதில் தெரிந்தும் எழுந்து நிற்க மாட்டேன். எழுந்தால் எல்லோரும் திரும்புவார்கள்.

"அக்கா, ஒரு எக்ஸ்ரே எடுத்துட்டா..." என்றேன்.

அக்கா திரும்பவில்லை. ஆன்ட்டிதான் திரும்பி, "சளிக்கு எதுக்கும்மா எக்ஸ்ரே? மொதல்ல டாக்டர் பாக்கட்டும்," என்றார். இருவரும் போய்விட்டார்கள்.

நான் இன்னும் இருபது நிமிடம் தேடினேன். சோபா, செருப்பு ஸ்டாண்டு, குப்பைக்கூடை. பேட்டரி கிடைத்துவிட்டால் எதையும் சொல்ல வேண்டியதில்லை. கிடைக்கவில்லை என்பதாலேயே குழந்தை விழுங்கிவிட்டாள் என்று ஆகிவிடாது. ஏதாவது பிள்ளை எடுத்துப் போயிருக்கலாம். யாராவது செருப்பில் ஒட்டிக்கொண்டு போயிருக்கலாம். ஆதாரம் இல்லாமல் முடிவுக்கு வரக் கூடாது என்று மூன்று வருடம் படித்தவள் நான். அந்தப் படிப்பை அன்று காலை அதற்குப் பயன்படுத்தினேன்.

எட்டு இருபதுக்கு வேலைக்குக் கிளம்பினேன்.

மெட்ரோவில் போனைத் திறந்து தேடினேன். முதல் பக்கத்திலேயே இருந்தது. உணவுக்குழாயில் மாட்டினால் இரண்டு மணி நேரத்தில் சதை வெந்து புண்ணாகும். ஓட்டை விழலாம். பக்கத்தில் ஓடும் ரத்தக்குழாய் வரை போகலாம். எச்சில் வழியும், பால் இறங்காது, குரல் கம்மும். மருத்துவர்களே சளி என்று நினைத்துத் திருப்பி அனுப்புவதுண்டு. மெஜஸ்டிக்கில் வண்டி மாறும்போது போனை உள்ளே வைத்துவிட்டேன்.

பீன்யாவில் ஒரு முலாம் பூசும் தொழிற்சாலையின் லேபில் வேலை செய்கிறேன். தொட்டியிலிருந்து வரும் கரைசல்களின் செறிவை அளப்பது என் வேலை. காஸ்டிக் சோடா தெறித்தால் தோல் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். முதலில் வழவழக்கும். வலி பிறகுதான் வரும்.

ஒன்பதே முக்காலுக்கு ஆன்ட்டி வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தார். "தாரணி, டாக்டர் பாத்துட்டாரும்மா. தொண்டையில இன்பெக்ஷனாம். சிரப் குடுத்திருக்கார். பயப்பட ஒண்ணுமில்ல."

எனக்கு மூச்சு வந்தது. அரை மணி நேரம் வேலை செய்தேன். பிறகு பையிலிருந்து அந்த ஐந்தில் ஒன்றை எடுத்தேன். மங்கிப்போனதுதானே, இதில் என்ன மிச்சம் இருக்கும் என்று மீட்டரில் வைத்தேன். இரண்டு புள்ளி ஏழு வோல்ட் காட்டியது. உப்புத் தண்ணீரில் நனைத்த வடிகட்டித் தாளில் வைத்து, காரம் பட்டால் சிவக்கும் பினாப்தலீன் ஒரு சொட்டு விட்டேன். விளிம்பில் இளஞ்சிவப்பு படர்ந்தது. பத்து எண்ணுவதற்குள் தாள் முழுக்க அடர்ந்துவிட்டது.

பக்கத்து மேசை சுதீர் எட்டிப் பார்த்தார். "என்ன மேடம், ஹோலி இன்னிக்கேவா?"

"உங்க டிபன்ல முட்டை இருக்கா?"

"இருக்கு. ஏன், பசியா?"

"பாதி குடுங்க."

கொடுத்தார். வெள்ளைக்கருவின் மேல் பேட்டரியை வைத்து ஓரமாகத் தள்ளினேன். சுதீர் சிரித்தார். "முட்டைக்கு டைட்ரேஷன் பண்ற மொத ஆள் நீங்கதான். மேனேஜர்கிட்ட சொன்னா இன்க்ரிமென்ட் உறுதி." எதற்கு என்று கேட்டார். சும்மா என்றேன்.

ஒரு மணி நேரம் கழித்துத் தூக்கிப் பார்த்தேன். பேட்டரி இருந்த இடம் குழிந்து, கண்ணாடி போல வழவழப்பாகி, விளிம்பில் பழுப்பாக இருந்தது. விரலால் தொட்டதும் உள்ளே போனது. சுதீர் இப்போது சிரிக்கவில்லை. "சீ, எடுத்துப் போடுங்க மேடம்," என்றார்.

பதினொன்று நாற்பது. கழிப்பறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டு ஆன்ட்டிக்குத் தட்டச்சு செய்தேன். மகா பேட்டரி முழுங்கியிருக்கலாம். அனுப்பும் அம்புக்குறியின் மேல் விரலை வைத்திருந்தேன். அனுப்பினால் ஆன்ட்டி சோனியா அக்காவிடம் காட்டுவார். அக்கா முதலில் எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்பார். ஏழு பத்திலிருந்து. டார்ச்சோடு மண்டியிட்டு இருந்தபோதே. ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். அழிக்க எழுதியதைவிட அதிக நேரம் ஆனது.

பிறகு தினேஷ் அண்ணாவின் எண்ணை அழைத்தேன். எடுத்தார். பின்னால் ஹாரன் சத்தம்.

"யாரு?"

"தாரணி. மௌரீன் ஆன்ட்டி மாடி..."

"ஹாங், சொல்லும்மா. சீக்கிரம், ஆட்டோல இருக்கேன், கொழந்தைக்கு முடியல."

"எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கண்ணா."

"டாக்டர்தானே சொல்லணும்? நான் போய்ச் சொன்னா திட்டுவாங்க. எதுக்கு எக்ஸ்ரே?"

நான் வாயைத் திறந்தேன். லைன் துண்டிக்கப்பட்டது. அவர் துண்டித்தாரா, நான் துண்டித்தேனா என்று இன்றைக்கு யார் கேட்டாலும் நான்தான் என்றே சொல்வேன். விரல் என்னுடையது.

பன்னிரண்டு பத்துக்கு ஆன்ட்டியின் அழைப்பு வந்தது. அவர் அழுது நான் கேட்டதில்லை.

"ரத்தமா வாந்தி எடுத்துடுச்சும்மா. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிட்டாங்க. நானும் பின்னாலயே வந்துட்டேன். போறதுக்கு முன்னால அந்தத் தினேஷ் நம்ம வீட்டுக்கு வந்து டப்பாவைத் தூக்கி நடுத் தெருவுல எறிஞ்சான். கெழவி என் பொண்ணுக்கு வெஷம் வெச்சுட்டான்னு கத்துறான். தெருவே பாத்துச்சு. தாரணி, போன வருஷ எண்ணெய் கொஞ்சம் கலந்தேன்மா. பொய் சொல்லிட்டேன். பத்தாம போச்சு, கொஞ்சம்தான் கலந்தேன். அதுவாம்மா? நீ படிச்ச பொண்ணு, நீ சொல்லு. அதுவா?"

"இல்ல ஆன்ட்டி."

"எப்படிச் சொல்ற?"

"நான் வரேன்," என்றேன்.

லேபில் யாரிடமும் சொல்லாமல் கிளம்பினேன். லேப் கோட்டைக் கழற்ற மறந்திருந்தேன். மெட்ரோவில் எதிரில் இருந்த பெண்மணி என்னை நர்ஸ் என்று நினைத்து, தன் சர்க்கரை அளவைச் சொல்லி அது அதிகமா என்று கேட்டார். அதிகம்தான் என்று கன்னடத்தில் சொன்னேன். முன்பின் தெரியாத அவரிடம் எளிதாகப் பேச முடிந்தது.

மெஜஸ்டிக்கிலிருந்து ஆட்டோ. ரிச்மண்ட் சர்க்கிளில் நெரிசல். கடைசி எண்ணூறு மீட்டரை ஓடினேன். இரண்டு இருபதுக்குக் குழந்தைகள் வார்டு இருக்கும் மாடிக்கு வந்து சேர்ந்தேன்.

நடையில் சோனியா அக்கா சுவரோடு சாய்ந்து நின்றார். நைட்டி மேல் துப்பட்டா. துப்பட்டாவில் காய்ந்த கறை. தினேஷ் அண்ணா கதவுக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டிருந்தார். பத்தடி தள்ளி பெஞ்சில் மௌரீன் ஆன்ட்டி தனியாக உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்து இடம் காலியாக இருந்தும் யாரும் உட்காரவில்லை. என்னைப் பார்த்ததும் கையை நீட்டினார்.

"போலீஸ்ல சொல்வேன்கிறான்," என்றார் மெதுவாக. "சொல்லட்டும். கொழந்தை பொழைச்சா போதும். நான்தான்னு சொல்லிட்டேன். எண்ணெயப் பத்தி டாக்டர்கிட்ட சொல்லிட்டேன்."

கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே கட்டில் மேல் மகா. அவ்வளவு பெரிய கட்டிலில் அவள் கால் பகுதிக்கும் வரவில்லை. மூக்கில் ஆக்சிஜன். முகம் சாம்பல் நிறமாக இருந்தது. நர்ஸ் ஒரு நீளமான பிளாஸ்டிக் குழாயைப் பொட்டலத்திலிருந்து பிரித்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் என் வயதுதான் இருப்பார். பெண். கையுறை மாட்டிக்கொண்டே வெளியே வந்தார். "அம்மா யாரு? பாருங்க, கெட்டுப்போன எண்ணெய்னு அந்தப் பாட்டி சொல்றாங்க. மூக்கு வழியா டியூப் விட்டு வயித்தைக் கழுவப் போறோம். இங்க ஒரு சைன் போடுங்க."

சோனியா அக்கா பேனாவை வாங்கினார்.

"எக்ஸ்ரே?" என்றார் தினேஷ் அண்ணா. என்னைப் பார்த்ததும் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். "இந்தப் பொண்ணு காலையிலேருந்து எக்ஸ்ரே எக்ஸ்ரேன்னுது."

"எடுப்போம் சார். கீழ க்யூ இருக்கு. மொதல்ல இது."

குழாய் எந்த வழியாகப் போகும் என்று எனக்குத் தெரியும். முட்டையில் என் விரல் உள்ளே போனது நினைவுக்கு வந்தது. அக்கா எழுத்துக் கூட்டிப் பெயரை எழுதத் தொடங்கியிருந்தார்.

"வேண்டாம்," என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். நர்ஸ்கூட. லேப் கோட்டைப் பார்த்து டாக்டர், "நீங்க யாரு, ஸ்டாஃபா?" என்றார்.

"இல்ல."

"அப்ப தள்ளி நில்லுங்க. டைம் இல்ல."

"டியூப் போடாதீங்க. கல்கல் இல்ல. ஆன்ட்டி ஒண்ணும் பண்ணல." என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன். சோனியா அக்கா பேனாவோடு என்னையே பார்த்தார். காலையில் ஒருமுறைகூட என் பக்கம் திரும்பாத முகம்.

"பின்ன என்னடி?" என்றார்.

கைகளைக் கோட்டுப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டேன். கடிகாரத்தில் இரண்டு முப்பது.

"நேத்து சாயங்காலம் அஞ்சு நாப்பதுக்கு மகா முழுங்கினது பட்டன் பேட்டரி. இருபது மில்லிமீட்டர். அதை அந்த ரயில் பெட்டியில வெச்சது நான்தான்கா. காலையில ஏழு பத்துக்கே எனக்குத் தெரியும்."